சஞ்சார் சாத்தி: எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஐந்து மாதம் வைத்துப் பார்த்த அனுபவம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆப் மோசடி அழைப்பு எதையும் தடுத்து நிறுத்தாது. போன் அடிக்கும், எடுத்தால் மோசடிக்காரன் பேசுவான், நடுவில் எந்த மணியும் அடிக்காது. அப்படித் தடுக்கும் என்று நினைத்து இறக்கிக்கொண்டவர்கள் இரண்டு நாளில் "ஒண்ணுக்கும் ஆகாது" என்று அழித்துவிடுகிறார்கள். என் தெருவிலேயே மூன்று பேர் அப்படிச் செய்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 66 வயது. தபால் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள், பாளையங்கோட்டையில் இருக்கிறேன். சஞ்சார் சாத்தி மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் இலவசச் சேவை. 2023 மே மாதம் இணையதளமாக வந்தது, 2025 ஜனவரியில் ஆப்பாகவும் வந்தது. நான் செப்டம்பரிலிருந்து பயன்படுத்துகிறேன். அதற்குக் காரணம் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அத்தான்.

அத்தான் தலைமை ஆசிரியராக இருந்தவர், 74 வயது. ஊரில் எல்லாரும் மனு எழுதித் தரச் சொல்லி வருவது அவரிடம்தான். ஒருநாள் காலையில் பதிவு செய்த குரலில் அழைப்பு: தொலைபேசி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான டிராயிலிருந்து பேசுகிறோம், இன்னும் 2 மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும், விவரம் அறிய 9ஐ அழுத்துங்கள். அழுத்தினார். நல்ல தமிழில் பேசிய ஒருவன், உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள், அதில் பெரிய மோசடி நடந்திருக்கிறது, வழக்கு உங்கள் பெயரில்தான் இருக்கிறது என்றான். அப்புறம் வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச்சட்டை போட்ட ஒருவன், பின்னால் கொடி, மேசை, கோப்புகள் எல்லாம். போனை வைக்கக்கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்களும் குற்றவாளிகள். மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அக்கா கீழே சமையல் செய்துகொண்டு, யாரோ பழைய மாணவனோடு பேசுகிறார் என்றே நினைத்தாள்.

சரிபார்ப்புக்கு என்று 65,000 ரூபாயை போனிலிருந்தே அனுப்ப வைத்துவிட்டார்கள். அதன்பிறகு வைப்புத்தொகையை உடைக்க வங்கிக்கே அனுப்பினார்கள், அழைப்பு துண்டிக்கப்படாமல் சட்டைப் பையிலேயே இருந்தது. அங்கே கவுண்டரில் இருந்த அந்தப் பிள்ளையைக் கும்பிட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள், பையில் எரிகிற போனைப் பார்த்திருக்கிறாள், ஒரு வார்த்தையும் பேசாமல் செலானின் பின்பக்கம் "போலீஸ்னு சொன்னாங்களா சார்?" என்று எழுதி நகர்த்தியிருக்கிறாள். அத்தான் தலையை ஆட்டியதும் அவளே கையை நீட்டி போனை வாங்கி அணைத்துவிட்டாள். அங்கிருந்தே 1930க்கு அழைத்தார்கள். சைபர் மோசடியில் பணம் போனால் உடனே அழைக்க வேண்டிய எண் இதுதான், எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன்னால் சொன்னால்தான் எங்காவது ஓரிடத்தில் நிறுத்தி வைக்க முடியும். 38,000 ரூபாய் நின்றது. அது நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கைக்கு வந்தது. மீதி போனது போனதுதான்.

மறுநாள் நான் போனபோது அத்தான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "நீங்க நடுவுலயே போனை வச்சிருக்கலாமே அத்தான்" என்றேன். "அவன் என்னைய சார்னு கூப்பிட்டான்மா. ஒரு ஆபீசர் லைன்ல இருக்கும்போது எப்பிடி வைக்க? வச்சுட்டு அடுத்து என்ன செய்யணும்னும் தெரியல" என்றார்.

இந்த வார்த்தைகளை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வயதானவர்கள் ஏமாறுவது அறிவில்லாததால் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது சரியே இல்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து, மேலதிகாரி பேசும்போது எழுந்து நின்ற தலைமுறை நாங்கள். அதிகாரியின் பேச்சை நடுவில் வெட்டுவது எங்களுக்கு மரியாதைக் குறைவு. போதாததற்கு, பெயரில் வழக்கு என்றால் ஊரில் தலைகாட்ட முடியாதே என்ற பயம். இந்த மரியாதையையும் மானத்தையும் பிடித்துக்கொண்டுதான் அவன் உள்ளே வருகிறான். இப்படி வீடியோ அழைப்பிலேயே கைது என்று மிரட்டுவதை டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்கள், சட்டத்தில் அப்படி எதுவுமே கிடையாது, 2024 அக்டோபர் 27 அன்று மனதின் குரல் வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். அத்தானும் அதைக் கேட்டவர்தான். கேட்டிருந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சரி, இனி ஆப்புக்கு வருகிறேன். இதில் எங்களுக்கு மிகவும் உதவியது, நம் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும் பகுதி. யோசித்துப் பாருங்கள், அத்தானிடம் அவன் சொன்ன முதல் பொய்யே "உங்கள் பெயரில் ஒரு சிம் இருக்கிறது" என்பதுதான். அது உண்மையா பொய்யா என்று இரண்டு நிமிடத்தில் வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் அவர் கதவைச் சாத்தியிருக்க மாட்டார். நம் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டால் நம் பெயரில் உள்ள எண்கள் வரிசையாக வரும், நடுவில் சில இலக்கங்கள் மறைந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று தேர்வு உண்டு. என் எண் இல்லை, இது என்னுடையதுதான் ஆனால் இனி வேண்டாம், வேண்டும். முதல் இரண்டில் ஒன்றைத் தொட்டு அனுப்பினால் ஒரு குறிப்பு எண் வரும், அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிலவரம் பார்க்க அதுதான் வேண்டும்.

அத்தான் பெயரில் மூன்று வந்தன. ஒன்று அவருடையது, ஒன்று அக்கா வைத்திருப்பது, மூன்றாவது யாருடையது என்றே தெரியவில்லை. அப்புறம் பேச்சுக்குப் பேச்சு அக்காதான் ஞாபகப்படுத்தினாள். சில வருஷம் முன்னால் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்க்க திருநெல்வேலி டவுனுக்கு வந்தபோது ரத வீதியில் குடை போட்டு சிம் விற்றுக்கொண்டிருந்தார்கள், அங்கேதான் அவளுக்கு ஒன்று வாங்கினார். "ரேகை சரியா விழல சார், இன்னொரு தடவை வைங்க" என்று இரண்டு முறை விரலை வைக்கச் சொன்னார்களாம். ஒரு முறை விரல் வைத்ததில் அக்காவுக்கு ஒரு சிம், இன்னொரு முறை வைத்ததில் யாருக்கோ ஒரு சிம். இப்படி நடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன், எங்கள் வீட்டிலேயே நடந்திருக்கும் என்று நினைக்கவில்லை. ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை இங்கே அனுமதி என்பதால் நம் பெயரில் கூடுதலாக ஒன்றிரண்டு ஓடுவது நமக்குத் தெரியவே வராது. "என் எண் இல்லை" என்று அனுப்பினோம், சில வாரங்களில் அந்த எண் வரிசையிலிருந்து போய்விட்டது. இந்த ஒரு காரியத்துக்காகவே நான் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

இதைச் சொல்லிக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டு ஆச்சி கேட்ட கேள்வி நியாயமானது. "ஓடிபியை யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீதான் சொன்ன, இப்ப நீயே அடிக்கச் சொல்லுத?" ஆச்சிக்கு நான் சொன்ன விளக்கம் இது. நாமாகத் திறந்த இடத்தில், நாமாகக் கேட்டு வாங்கி, நம் கையால் அடிப்பது வேறு. நம்மைத் தேடி வந்த ஒரு குரலுக்கு வாயால் சொல்வது வேறு. வீட்டுச் சாவியைப் போட்டு நம் கதவை நாம் திறக்கிறோம், தெருவில் போகிறவன் கேட்டால் அந்தச் சாவியைக் கொடுப்போமா? ஆச்சிக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அதோடு ஓடிபி வந்த செய்தியை முழுசாகப் படிக்கவும் பழக்கினேன். எதற்கான ஓடிபி என்று அதிலேயே எழுதியிருக்கும், அவசரத்தில் நாம் இலக்கத்தை மட்டும் பார்க்கிறோம்.

அடுத்தது சக்ஷு. கண் என்று பொருள். 2024 மார்ச்சில் வந்தது. சந்தேகமான அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் செய்தி எதுவானாலும் இதில் புகார் தரலாம். எந்த வழியில் வந்தது, என்ன மாதிரி மோசடி, எந்த எண், எந்த நேரம் என்று கேட்கும், செய்தியின் படத்தையும் சேர்த்து அனுப்பலாம். அந்த எண்ணைத் திரும்பச் சரிபார்த்து, போலி என்றால் துண்டிப்பார்கள். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், இது பணம் போகாதவர்களுக்கானது. பணம் போய்விட்டால் சக்ஷுவில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, நேராக 1930, அல்லது சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன். வங்கிக்கும் அப்போதே சொல்ல வேண்டும்.

ஐந்து மாதத்தில் நான் ஏழு புகார் அனுப்பியிருக்கிறேன். அதில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, மின்சாரம். "போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைக் கூப்பிடவும்" என்று செய்தி. நம் ஊரில் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மாதாமாதம் பில் எங்கே வருகிறது? வேறெங்கோ உட்கார்ந்து நாடு முழுக்க ஒரே செய்தியைத் தட்டிவிடுகிறவனுக்கு இது தெரியாது. அதுவும் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தது. ஆனாலும் இரவில், வீட்டில் ஒருவர் ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்திருக்கும்போது இந்தச் செய்தி வந்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். கூப்பிட்டால் திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்லி, பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்வான். நாம் அடிக்கும் பின் நம்பரை அவன் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டாவது, நவம்பர் மாத ஆயுள் சான்றிதழ். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர் வந்தால் இதுதான் வேலை, மோசடிக்காரர்களுக்கும் அதுதான் அறுவடை மாதம். என்னைக் கூப்பிட்டவன் என் பெயர், ஓய்வு பெற்ற அலுவலகம், ஓய்வூதிய ஆணையின் பிபிஓ எண் எல்லாம் சரியாகச் சொன்னான். அதெல்லாம் தெரிந்திருப்பதால் உண்மையான ஆள் என்று ஆகாது, எங்கிருந்தோ விவரம் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். சான்றிதழை நானே புதுப்பித்துத் தருகிறேன், வரும் ஓடிபியைச் சொல்லுங்கள் என்றான். போனை வைத்துவிட்டு சக்ஷுவில் போட்டேன். ஆயுள் சான்றிதழை வங்கியிலோ, முகத்தைக் காட்டி நம் போனிலேயோ, வீட்டுக்கு வரும் தபால்காரர் மூலமாகவோ கொடுக்கலாம். தபால்காரருக்கு 70 ரூபாய் கட்டணம், நாம் கேட்டுக்கொண்டால் வருவார், நம் முன்னால் உட்கார்ந்து செய்வார். முகம் தெரியாத ஒருவர் போனிலேயே முடித்துத் தருகிறேன் என்றால் அது பொய். இந்தத் துறையில் இருந்தவள் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

புகார் அனுப்பினால் உடனே பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் புகார் அனுப்புவதால் எனக்குள் நடந்த மாற்றம் பெரியது. முன்பெல்லாம் இப்படி அழைப்பு வந்தால் வைத்த பிறகும் ஒரு மணி நேரம் நெஞ்சு படபடக்கும், ஒருவேளை உண்மையாக இருந்தால் என்ற எண்ணம் போகாது. இப்போது வைத்ததும் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. எண்ணைப் பார்த்து அடிக்கிறேன், நேரத்தைப் போடுகிறேன், அனுப்புகிறேன், அதற்குள் மனம் நிதானத்துக்கு வந்துவிடுகிறது. "வச்சுட்டு அடுத்து என்ன செய்யணும்" என்ற அத்தானின் கேள்விக்கு இதுதான் பதில் என்று எனக்குத் தோன்றியது. அதிகாரியை அவமதித்துவிட்டோமோ என்ற குறுகுறுப்பும் இல்லை, ஏனென்றால் அரசாங்கத்திடமே முறையாக எழுதித் தெரிவித்துவிட்டோம்.

தொலைந்த போனை முடக்கும் வசதியைத் தம்பிக்காகப் பயன்படுத்தினோம். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போன இடத்தில் கூட்டத்தில் போன் போய்விட்டது. காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல் வேண்டும், அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியிருக்க வேண்டும், ஐஎம்இஐ எண் வேண்டும், அது ஒவ்வொரு போனுக்கும் உள்ள 15 இலக்க அடையாள எண். போன் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் வேறு யாரும் சிம் போட்டு ஓட்ட முடியாது என்பதில் ஒரு நிம்மதி. ஐஎம்இஐ எண்ணைத் தொலைப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அடித்தால் திரையில் வரும். அதை ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய போன் வாங்குகிறவர்கள் அந்த எண்ணை இதிலேயே போட்டு, திருட்டுப் போனா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

குறை என்றால், முதலாவது அனுமதிகள். ஆண்ட்ராய்டில் இறக்கினால் அழைப்பு, எஸ்எம்எஸ், கேமரா என்று பல அனுமதிகள் கேட்கிறது. இது பலருக்கு உறுத்துகிறது, எனக்கும் முதலில் உறுத்தியது. புதுப் போன்கள் எல்லாவற்றிலும் இந்த ஆப் ஏற்றப்பட்டே வரவேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் உத்தரவு வந்து, அந்தரங்கம் பாதிக்கப்படும் என்று எதிர்ப்பு கிளம்பி, டிசம்பர் 3 அன்று திரும்பப் பெற்றார்கள். கட்டாயப்படுத்தாமல் விட்டது சரி என்றுதான் நினைக்கிறேன். அவரவர் விரும்பி வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் இது. ஆப் வேண்டாம் என்பவர்கள் சஞ்சார்சாத்தி டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்துக்குப் போனால் போதும், நான் மேலே சொன்னதெல்லாம் அங்கேயே செய்யலாம். என் தங்கை அப்படித்தான் செய்கிறாள். தளத்தில் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்லும், கண்புரை உள்ளவர்கள் பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எங்கிருந்து இறக்குகிறோம் என்பது. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் தேடி, வெளியிட்டது தொலைத்தொடர்புத் துறைதானா என்று பார்த்து இறக்குங்கள். இதே பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் கோப்பு, அதாவது தொட்டால் போனில் ஆப்பை ஏற்றும் கோப்பு, யாராவது அனுப்பினால் தொடவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி என்று பல வேஷத்தில் இந்த ஏபிகே வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தும் வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே மோசடிக்காரன் வசம் போயிருக்கும். நம் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் தாம்பூலத்தோடு வீட்டுக்கு வருவார்கள், வர முடியாவிட்டால் பேசவாவது செய்வார்கள். பேச்சே இல்லாமல் வந்த பத்திரிகையை அப்படியே விட்டுவிட்டு அவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

இந்த ஆப் தொடாத இடங்களும் உண்டு. பணம் வாங்க பின் நம்பர் அடிக்கச் சொன்னால் அது நம் பணத்தை எடுக்கத்தான், யுபிஐயில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை, இதை எந்த ஆப்பும் நமக்காக நினைவு வைத்திருக்காது. பிள்ளையின் குரலிலேயே "அம்மா, விபத்து ஆயிட்டு, பணம் அனுப்பு" என்று பேசும் மோசடிக்கும் இதில் வழியில்லை. அதற்கு நாங்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். கல்லிடைக்குறிச்சி வீட்டில் எங்கள் ஆச்சி வளர்த்த மாட்டின் பெயர் என்ன என்பதுதான் அது. வளைகுடாவில் இருக்கும் என் மகன் முதல் சென்னையில் படிக்கும் பேத்தி வரை எல்லாருக்கும் பதில் தெரியும், எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யுபிஐயை ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஐயாயிரம் ரூபாய் மட்டும் போட்ட இன்னொரு கணக்கில் இணைத்தோம். உழவர் சந்தைக்கும் மருந்துக் கடைக்கும் அது போதும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊருக்கு வந்த இரண்டு நாளில் அம்மாவின் போனைப் பிடுங்கி, கடகடவென்று எல்லாம் செய்து, "போட்டாச்சு" என்று கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அது யாருக்கும் பிரயோஜனமில்லை. போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும், அவர்கள் விரல் அழுத்தட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பக்கத்து வீட்டு ஆச்சிக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மூன்று சாயங்காலம் ஆனது. நான்காவது நாள் அவள் தானே ஒரு புகாரை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

போன செவ்வாய்க்கிழமை அத்தான் கூப்பிட்டார். அந்த 65,000க்குப் பிறகு பல மாதம் தெரியாத எண் எதையும் எடுக்காமலே இருந்தவர், அக்காவிடம்கூடச் சரியாகப் பேசாமல் இருந்தவர். "ஏம்மா, இப்ப ஒருத்தன் பேசினான். டிராய்னு ஆரம்பிச்சான். என் பேர்ல மூணாவதா ஒரு நம்பர் இருக்காம். ரெண்டுதான்டே இருக்கு, நான் எண்ணிப் பாத்தாச்சுன்னு சொல்லி வச்சுட்டேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கண்ணு பேரு போட்டதுல மணி கேக்குதே, அவன் கூப்பிட்ட நேரமா, நான் வச்ச நேரமா?" என்று கேட்டார்.